வில்லுப்பாட்டில் இடைப்பேச்சு: முதன்முதலாக மேடை ஏறும் குழுவுக்கு

பாட்டு எப்படியோ ஒப்பேறிவிடும். மெட்டும் தாளமும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். புதிதாக வில்லுப்பாட்டுக் குழு தொடங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது, இரண்டு பாட்டுக்கு நடுவே வரும் பேச்சில்தான். பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்" போடுகிறார், ஒரு சந்தேகம் கேட்கிறார், கொஞ்சம் குறும்பு செய்கிறார். பார்க்க லேசாகத் தெரியும். அதையே வரிக்கு வரி எழுதி ஒப்பித்தால் பள்ளிக்கூட நாடகம் மாதிரி விறைத்துவிடும். எழுதாமல் விட்டால் 2 நிமிடப் பேச்சு 10 நிமிடம் ஓடி, கதை எங்கே நின்றது என்று குழுவுக்கே மறந்துபோகும்.

பள்ளி ஆண்டு விழா, கோயில் கலைநிகழ்ச்சி, அரசுத் துறை விழிப்புணர்வு நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு முதன்முதலாகப் போகும் 5, 6 பேர் குழுவை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். தொழில்முறை அண்ணாவிகளுக்கு (குழுவை முன்னின்று நடத்தும் ஆசான்களுக்கு) இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

1. எந்த மேடை என்று முதலில் கேளுங்கள்

"வில்லுப்பாட்டு வேணும்" என்று அழைப்பு வந்தால் தேதியைக் கேட்பதற்கு முன்பு, கொடையா (ஊர்ச் சாமிக்கு எடுக்கும் கோயில் விழா), கலைநிகழ்ச்சியா என்று கேளுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கொடை விழா என்றால் குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்று பூசையோடு சேர்ந்து பாட்டு நகரும். அந்தச் சாமியின் கதையைத்தான் பாட வேண்டும். சாமி பிறப்பும் வரம் வாங்குவதும் வரும் கட்டங்களில் ஆடுகிறவர்களுக்கு அருள் இறங்கும். அந்த நேரத்தில் பக்கத்துக்காரர் ஒரு நகைச்சுவையை எடுத்துவிட்டால் பிரச்சினை மேடைக்குக் கீழே இருந்து வரும். அனுபவமுள்ள அண்ணாவி துணை இல்லாமல் கொடையை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கலைநிகழ்ச்சி என்றால் 45 முதல் 60 நிமிடம். கதை உங்கள் விருப்பம், குறும்புக்கும் இடம் உண்டு.

2. குறும்புக்காரர் யார் என்பதை வாத்தியத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

"நல்லா ஜோக் அடிப்பான்" என்பதற்காக ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் வழக்கமான தப்பு. அவர் கையில் என்ன வாத்தியம் என்று பாருங்கள். வில் அடிக்கும் முதன்மைப் பாடகருக்கு இரண்டு கையிலும் வீசுகோல், அதாவது வில்லின் நாணை அடிக்கும் கோல். உடுக்கைக்காரருக்கு இடது கை பிடியிலும் நாடாவிலும், வலது கை தோலிலும் மாட்டிக்கொள்ளும். குடக்காரருக்கும் இரண்டு கையும் வேலை. ஜால்ராவோ தாளக்கட்டையோ வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பேச்சு வரும்போது கை சும்மா இருக்கும். சைகை காட்டலாம், தலையில் அடித்துக்கொள்ளலாம், துண்டை உதறலாம். பேச்சுத் துணையாக அவரைப் போடுங்கள்.

குரலும் பாருங்கள். முதன்மைப் பாடகர் கனத்த குரல் என்றால் துணைக்கு மெல்லிய குரல். இருவருக்கும் ஒரே மாதிரி குரல் இருந்தால், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் கேட்டது, யார் பதில் சொன்னது என்றே பிடிபடாது.

பேசாத பாத்திரம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். குடக்காரர் நிகழ்ச்சி முடியும்வரை வாயே திறக்க வேண்டாம். பத்தையால் (குடம் அடிக்கும் மட்டையால்) குடத்து வாயில் ஒரு தட்டு என்றால் "சரி", இரண்டு தட்டு என்றால் "பொய்". இதை முதல் 5 நிமிடத்துக்குள் கூட்டத்துக்குப் பழக்கிவிட்டால் பிறகு அவர் தட்டும் ஒவ்வொரு தட்டும் ஒரு வசனம். உடுக்கை இன்னும் வசதி. நாடாவை இறுக்கி விடும்போது ஒலி ஏறி இறங்கும் அல்லவா, அதில் "ம்ம்?" என்று கேள்வி கேட்கவும் விக்கி அழவும் வைக்கலாம். ஒரு கேள்வி ஒலி, ஒரு அழுகை ஒலி, ஒரு சிரிப்பு ஒலி, இந்த மூன்றையும் ஒத்திகையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒரு ஆளுக்கு ஒரு குணம் போதும்

தெருக்கூத்துக் கட்டியக்காரனுக்கும் இசைநாடகத்துப் பபூனுக்கும் ஒப்பனை உண்டு, நுழைவு உண்டு. வில்லுப்பாட்டில் எல்லாரும் வேட்டி சட்டையில் அல்லது சேலையில், முதல் நிமிடத்திலிருந்தே மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளைக் காட்ட வேண்டியது பேச்சு மட்டும்தான். அதனால் குணம் ஒன்றே ஒன்றாக, ஒரு வரியில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்: எதைச் சொன்னாலும் விலை கேட்பவர், கதை முடியும் முன்பே முடிவைச் சொல்லத் துடிப்பவர், எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே சொந்தக்காரர் இருப்பதாகச் சொல்பவர்.

இரண்டு குணம் கொடுத்தால் இரண்டுமே நிற்காது. பெயரும் ஒன்று வையுங்கள். கூட்டம் அந்தப் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தால் வேடம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். முதன்மைப் பாடகருக்குத் தனி வேடம் வேண்டாம். கதையைக் கொண்டுசெல்ல அவசரப்படுகிற பொறுமைசாலியாக அவர் இருந்தால்தான் எதிரில் இருப்பவரின் குறும்பு எடுபடும்.

4. பேச்சை எழுதும் முறை

முழு வசனமாக எழுதாதீர்கள். ஒவ்வொரு இடைப்பேச்சுக்கும் நான்கு விஷயம் மட்டும் தாளில் இருக்கட்டும்: எந்தக் கதை வரியில் தொடங்குகிறது, துணைவர் கேட்கும் கேள்வி, கூட்டம் சிரிக்க வேண்டிய ஒரு வரி, பாட்டுக்குள் திரும்பும் கடைசி வரி. முதல் வரியும் கடைசி வரியும் மாறவே கூடாது. நடுவில் அன்றைய ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு மாதிரி. துணைவருக்கு எந்நேரமும் டீ நினைப்பு.

பாடகர்: ஊருக்கு மேற்கே ஒரு பெரிய குளம்...
துணை: ஆமா.
பாடகர்: குளத்துக்கு ஒரு கரை...
துணை: ஆமா. கரையில டீக்கடை உண்டுமா அண்ணாச்சி?
பாடகர்: கதை நடக்கது ராசா காலத்துல, ஓய்!
துணை: அப்போ டீ ரொம்ப மலிவா இருக்குமே.
குடம்: இரண்டு தட்டு.
பாடகர்: பாரும், குடத்துக்கே பொறுக்கல. அந்தக் கரையில வந்து நின்னாரு ராசா...

கடைசி வரியைப் பாடகர் சுருதிக்கு ஏற்றிச் சொல்கிறார், உடுக்கை உருட்டு விழுகிறது, பாட்டு வந்துவிடுகிறது. மொத்தம் 25 நொடிகூட இல்லை. முதல் இடைப்பேச்சு இந்த அளவுக்கு மேல் போக வேண்டாம்.

இதே டீயை மூன்று தடவை கொண்டுவாருங்கள். முதல் தடவை அறிமுகம். இரண்டாம் தடவை அரண்மனை விருந்து நடக்கும் இடத்தில், கூட்டமே "டீ" என்று முந்திக்கொள்ளும். துணைவர் வாயைத் திறக்காமல் பாடகரை ஒரு பார்வை பார்த்தாலே போதும். மூன்றாம் தடவை, ராசா காயம் பட்டுத் தாகத்தோடு கிடக்கும் கட்டத்தில், அதே ஆள் குரலை இறக்கி, "ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாமப் போச்சே அண்ணாச்சி" என்று சொல்லட்டும். அடுத்து ஒப்பாரி மெட்டில் பாட்டு. அதுவரை சிரிக்க வைத்தவர் வாயிலிருந்து வருவதால் கூட்டம் அடங்கிவிடும். வில்லுப்பாட்டு இடைப்பேச்சில் நமக்குப் பிடித்த வித்தை இதுதான். புதுக்குழுக்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. தொடர்பே இல்லாத ஐந்து துணுக்குகளைக் கதைக்குள் செருகிவிட்டுப் போகிறார்கள்.

"ஆமாம்" பற்றி ஒரு வார்த்தை. எல்லா வரிக்கும் போட்டால் கடிகாரம் மாதிரி ஆகி யாரும் கேட்க மாட்டார்கள். வரி முடியும் இடத்தில் மட்டும் போடுங்கள், பாதி வரியில் வேண்டாம். இடையிடையே "அடடே", "பிறகு?", "அப்படிப் போடுங்க", "சும்மா இருங்க, அப்படியெல்லாம் நடக்குமா?" என்று மாற்றுங்கள். சோகமான இடத்தில் "ஆமாம்" வேண்டவே வேண்டாம்.

விழிப்புணர்வு நிகழ்ச்சியில் ஒரு கூடுதல் கவனம். டெங்கு, மழைநீர் சேகரிப்பு, வாக்களிப்பு என்று எதுவானாலும் தப்பான கருத்தைச் சொல்வது துணைவர், திருத்துவது பாடகர் என்று வைப்பார்கள். சிரிப்பு வரும் வரியிலேயே தப்பான தகவல் இருந்தால் கூட்டம் வீட்டுக்கு எடுத்துப்போவது அந்தத் தப்பைத்தான். தேங்கிய தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை கொட்ட வேண்டும் என்பது போன்ற எண்களைப் பாட்டின் பல்லவியில் வைத்துவிடுங்கள். துறை அலுவலகம் கேட்கும் முன்பே தகவல் பக்கத்தை அவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

5. பேச்சிலிருந்து பாட்டுக்குத் திரும்புவது

சுருதிப் பெட்டியோ ஆர்மோனியமோ, பேச்சு நடக்கும்போதும் அடங்கிய ஒலியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டால் அடுத்த பாட்டை அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) தள்ளி எடுப்பது உறுதி. ஆண் பாடகருக்கு 1, 2 கட்டைக்குள்ளும் பெண் பாடகருக்கு 5 கட்டையை ஒட்டியும் சுருதி வசதிப்படும். கலந்த குழுவில் முதன்மைப் பாடகருக்கு எது சரியோ அதுதான் சுருதி. மற்றவர்கள் மேலோ கீழோ அனுசரித்துப் பின்பாட்டுப் பாட வேண்டும்.

திரும்பும் வரிக்கு ஒரு வாய்ச்சொல்லும் ஒரு வாத்தியச் சைகையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பாடகர் வீசுகோலை உயர்த்தினால் பேச்சு முடிந்தது. துணைவரிடம் இன்னும் நல்ல வரி பாக்கி இருந்தாலும் முடிந்ததுதான். இதற்குக் கட்டுப்படாதவரை மாற்றிவிடுங்கள். எவ்வளவு சிரிக்க வைத்தாலும் சரி.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கவும் கூடாது. உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போது வில்மணி ஒலிக்க வேண்டும்.

6. கிண்டலுக்கு வேலி

சாதி, நிறம், உடல் குறை, வட்டார உச்சரிப்பு, ஒருவர் செய்யும் தொழில், இவற்றைத் தொடாதீர்கள். காது கேட்காத தாத்தா, திக்குவாய் மாமா போன்ற பழைய வேடங்களுக்கு இன்னும் சிரிப்பு வரத்தான் செய்யும். அந்தக் கூட்டத்தில் அப்படி ஒருவரோ அவருடைய பேரப்பிள்ளையோ உட்கார்ந்திருப்பார்.

பெயர்தான் எதிர்பாராத பொறி. நீங்கள் கற்பனையாக வைத்த பெயர் அந்த ஊர்ப் பெரியவர் பெயராக இருக்கும். போன உடனே விழாக் குழுவில் ஒருவரிடம் உங்கள் பாத்திரப் பெயர்களைச் சொல்லி, "இந்தப் பேர்ல இங்க யாரும் உண்டா?" என்று கேளுங்கள். பள்ளியில் தலைமையாசிரியரைத் தொட வேண்டாம். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் நாட்களில் கட்சி, சின்னம், இலவசம் எதுவும் வாயில் வரக் கூடாது. பாதுகாப்பான இலக்கு துணைவரே. அவர் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டால் யாருக்கும் வலிக்காது.

7. மைக், குடம், தோல்

தரையில் உட்கார்ந்து பாடுவதால் குட்டை ஸ்டாண்டு வேண்டும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் சவுண்டு சர்வீஸ்காரர் நின்று பேசும் ஸ்டாண்டைத்தான் கொண்டுவருவார். குறைந்தது நான்கு மைக்: பாடகருக்கு, துணைவருக்கு, உடுக்கைக்கு, குடத்துக்கு. துணைவருக்குக் கட்டாயம் தனி மைக். பாடகரின் மைக்கில் எட்டிப் பேசினால் வார்த்தைகள் வில்மணியில் கரைந்துவிடும்; சிரிப்பு வரி யாருக்கும் கேட்காது. குடத்து மைக்கை வாய்க்கு நேராக வைத்தால் கூவும். ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வையுங்கள்.

குடம் இரண்டு எடுத்துப் போங்கள். விரலால் சுண்டிப் பார்த்தால் மயிரிழை விரிசல் உள்ள குடம் மந்தமாக ஒலிக்கும். அது அன்றிரவு உடையும். குடம் உட்காரும் பிரிமணைக்குக் (வளையத்துக்குக்) கீழே மடித்த சாக்கு ஒன்று போட்டால் பலகை மேடை சேர்ந்து அதிராது. பனி இறங்கும் மாதங்களில் உடுக்கைத் தோல் தளர்ந்துவிடும். மேடை விளக்கின் சூட்டில் அவ்வப்போது காட்டிக்கொள்ளலாம், ஒட்டி வைக்க வேண்டாம். 10 அடி வில் சின்ன வேனுக்குள் போகாது. மேல் கேரியர் உள்ள வண்டியாகப் பேசுங்கள்.

8. ஒத்திகைக்கு 8 வாரம்

முதல் 3 வாரம் பாட்டு, தாளம் மட்டும். சிந்து, கும்மி, தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி என்று 5 மெட்டு இருந்தாலே ஒரு மணி நேரக் கதைக்குப் போதும். 4, 5ஆம் வாரம் இடைப்பேச்சு, வாத்தியம் இல்லாமல். 6ஆம் வாரம் இரண்டையும் சேர்த்து. 7ஆம் வாரம் மைக் வைத்து, குழுவோடு தொடர்பில்லாத நான்கு பேரை உட்கார வைத்து ஓட்டுங்கள். குடும்பத்தார் சிரிப்பு கணக்கில் சேராது. கடைசி வாரம் வெட்டுவதற்கு மட்டும்.

60 நிமிட நிகழ்ச்சி ஒத்திகையில் 50 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மீதியைச் சிரிப்பும் பொன்னாடையும் தின்றுவிடும். தொடக்கத்தில் பாடும் காப்புக்கு 4 நிமிடம், முடிவில் வாழ்த்திப் பாடும் வாழிக்கு 3. நடுவில் ஆறு இடைப்பேச்சுக்கு மேல் வேண்டாம், ஒன்றுகூட 3 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சினிமாக் காமெடி வரிகளை அப்படியே எடுக்காதீர்கள்: கூட்டத்துக்கு அசல் நடிகரின் குரல்தான் காதில் ஓடும், உங்களுடையது நகலாகத் தெரியும்.

9. எழுத்தில் வாங்க வேண்டியவை

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். தேதி, மேடை ஏறும் நேரம், நிகழ்ச்சி நீளம், எத்தனை பேர், தொகை, முன்பணம், வண்டி யார் செலவு, சாப்பாடு, தங்குமிடம், ஒலிபெருக்கி யார் பொறுப்பு, மழை வந்தால் என்ன, வீடியோவை யார் வெளியிடலாம். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாங்குங்கள். வண்டிக் கூலியாவது அதில் அடங்க வேண்டும்.

ஒலிபெருக்கி அனுமதி வாங்குவது விழாக் குழுவின் வேலை, உங்களுடையது அல்ல. ஆனாலும் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். உங்கள் விழா அதில் வருகிறது என்று யாராவது வாயால் சொன்னால் நம்ப வேண்டாம். காவல் நிலையத்தில் குறைந்தது 10 நாள் முன்பே மனுக் கொடுக்கச் சொல்லுங்கள்: அழைப்பிதழ், இட உரிமையாளர் சம்மதம், ஒலி அமைப்பாளர் விவரம் இவை கையில் இருக்கட்டும்.

"8 மணிக்கு" என்று அழைப்பிதழில் போட்டு, வரவேற்புரையும் பரிசளிப்பும் முடிந்து 9.15-க்கு மேடை தருவார்கள். 60 நிமிடக் கதையை 40-க்குச் சுருக்க எந்த இரண்டு இடைப்பேச்சை விடுவது என்று முன்பே குறித்து வையுங்கள். டீ மூன்று தடவை வரும் கதை என்றால் இரண்டாவதை விடலாம், முதலும் கடைசியும் நிற்க வேண்டும்.

10. பணமும் அடையாள அட்டையும்

பேசும்போது செலவிலிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு 18,000 ரூபாய் பேசினால், வண்டிக்கு 4,000, வாத்தியப் பராமரிப்புக்கு 1,000 ஒதுக்கிவிட்டு மீதி 13,000-ஐப் பங்கு போடுங்கள். 5 பேர் குழுவில் பாடகருக்கும் துணைவருக்கும் ஒன்றரைப் பங்கு, மற்ற மூவருக்கு ஒரு பங்கு என்றால் மொத்தம் 6 பங்கு. துணைவருக்கு ஜால்ராக்காரர் கூலி கொடுத்து அனுப்பும் குழுக்களில் அவர் அடுத்த ஆண்டு இருப்பதில்லை.

அரசுத் துறை, கல்வி நிறுவனம் என்றால் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆதார், பான், வங்கிப் புத்தக முதல் பக்கம், இவற்றின் நகல் தயாராக இருக்கட்டும். மூன்றிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் பணத்துக்கான பட்டியல் (பில்) திரும்பி வரும். வரி பிடித்தம் உண்டு என்கிற இடத்தில் பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிக்குக் கலைஞர் வாங்கும் தொகை 1,50,000 ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கணக்காளர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரசீதில் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். முழுத் தொகையும் ஒருவர் கணக்கில் விழுந்தால் அது அவருடைய வருமானமாகத்தான் தெரியும். பங்கு பிரித்ததற்கு ஆளாளுக்கு வவுச்சரில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

18 வயது நிரம்பியவர்கள் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகலாம். கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையங்களில் விசாரியுங்கள். தென்மாவட்டங்களுக்குத் திருநெல்வேலியிலும் மதுரையிலும் மையம் உண்டு. விண்ணப்பத்தில் நிகழ்ச்சி நடத்தியதற்குச் சான்று தேவைப்படும் என்பதால் முதல் நிகழ்ச்சியிலிருந்தே அழைப்பிதழ், மேடைப் புகைப்படம், பாராட்டுச் சான்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். வாரியத்தின் அடையாள அட்டை வேண்டும் என்றால் குழுப் பெயரில் மட்டும் நோட்டீஸ் அடித்தால் போதாது. குடக்காரர் உட்பட ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

பாக்கித் தொகையை வாழி பாடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். துணைவரை விட்டு மேடையிலேயே "பொருளாளர் எங்க இருக்காருன்னு குடத்துக்குத் தெரியுமா?" என்று கேட்க வைப்பது பழைய தந்திரம். கொஞ்சம் பழகிய ஊர் என்றால் மட்டும் செய்யுங்கள்.